ஆலைக் கழிவுநீரைக் கரும்புக்குப் பாய்ச்சலாமா?

திருநாவலூர் வட்டாரத்தில் கரும்பு பயிரிடும் சிறு விவசாயிகள் பலர். அருகே பெரியசெவலையில் செங்கல்வராயன் கூட்டுறவு சர்க்கரை ஆலை உள்ளது. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் ஆகிய ஊர்களிலும் கூட்டுறவு ஆலைகள் உண்டு. கிணற்றில் நீர் குறையும்போது, ஆலையில் சுத்திகரித்த கழிவுநீரைப் பாய்ச்சலாமா என்ற எண்ணம் எழுவது இயல்பு. பாய்ச்சலாம், ஆனால் நீரையும் மண்ணையும் சோதித்த பிறகே.

சுத்திகரிப்பு ஏன்?

ஆலைக் கழிவுநீரில் சர்க்கரையும் கசடும் எண்ணெயும் கலந்திருக்கும். அப்படியே பாய்ச்சினால், சர்க்கரையைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள பிராணவாயுவை எடுத்துக்கொள்ளும். வேர் அழுகும், பயிர் மஞ்சளாகும். சுத்திகரித்த நீரில் எஞ்சும் சிறிதளவு அங்ககப் பொருளோ மண்புழுவுக்கும் நுண்ணுயிருக்கும் உணவாகி மண்ணைப் பொலபொலப்பாக்கும்.

எவ்வளவு பாய்ச்சலாம்?

மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டு விதிப்படி, நிலத்தில் விடும் ஆலை நீரின் கார அமில நிலை 5.5 முதல் 8.5 வரை இருக்க வேண்டும். பி.ஓ.டி. எனப்படும் பிராணவாயுத் தேவை லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கும், கரைந்த உப்பு 2,100 மில்லிகிராமுக்கும் மிகக்கூடாது. இந்த விவரங்களை ஆலையில் கேட்டுப் பெறவும்.

களிமண் நிலத்தில் ஏக்கருக்கு நாளொன்றுக்குச் சுமார் 14,000 முதல் 22,000 லிட்டர் வரை விடலாம். மணல் நிலத்துக்கு விதி இதைப்போல் பல மடங்கு அனுமதிக்கிறது. ஆனால் மணலில் நீர் விரைவாக இறங்கிக் கிணற்றை எட்டும் என்பதால் அங்கே கூடுதல் கவனம் தேவை.

கவனிக்க வேண்டியவை

நீர் ஆவியானாலும் உப்பு மண்ணிலேயே தங்கும். சோடியம் மிகுந்தால் மண் இறுகிக் களராகும். எனவே ஒரு முறை ஆலை நீர், மறுமுறை கிணற்று நீர் என மாற்றிப் பாய்ச்சவும். ஆண்டுதோறும் மண் பரிசோதனை செய்து, களர்த்தன்மை தெரிந்தால் பரிந்துரைப்படி ஜிப்சம் இட்டு, நல்ல நீர் தேக்கி வடிக்கவும்.

மழை நாட்களில் பாய்ச்ச வேண்டாம். உபரி நீர் ஏரிக்குள் வழிந்தால் மீன்கள் மூச்சுமுட்டி இறக்கும். நீர்நிலையில் விடும் ஆலை நீருக்கு பி.ஓ.டி. வரம்பு 30 மில்லிகிராம் மட்டுமே என்பதை மறக்கக்கூடாது. பச்சையாக உண்ணும் காய்கறிகளுக்கும் இந்நீர் வேண்டாம்.

முதலில் பத்து சென்ட் நிலத்தில் மட்டும் பாய்ச்சிப் பார்க்கவும். தொடங்கும் முன்பும் பருவம் முடிந்த பின்பும் கிணற்று நீரைப் பரிசோதிப்பது அவசியம். நம் வயலில் விடும் நீர், பக்கத்து வயல்காரர் குடிக்கும் கிணற்றுக்கும் போய்ச் சேரும்.