வேரோடு பிடுங்கிய பின்பு

2018ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் நியூயார்க் நகரில் சோத்பி நிறுவனம் நடத்திய ஏலத்தில், ஒரே ஒரு புட்டி சிவப்புத் திராட்சை இரசம் 5,58,000 டாலருக்கு விலைபோனது. பிரான்சு நாட்டின் பர்கண்டி பகுதியிலுள்ள ரோமனே-கோன்டி தோட்டத்தில் 1945ஆம் ஆண்டு விளைந்த இரசம் அது. ஒரு புட்டிக்கு இத்தனை பணமா என்று நாம் முகம் சுளிக்கலாம், அதில் தவறில்லை. ஆனால் அந்த விலையைவிட, அந்த இரசத்தின் வரலாறே நம் சிந்தனைக்கு உரியது.

ரோமனே-கோன்டி ஐந்து ஏக்கருக்கும் குறைவான சிறு தோட்டம். முற்காலத்தில் இது புனித விவான் துறவு மடத்துக்குச் சொந்தமாக இருந்தது. 1584இல் மடத்தாரின் கையைவிட்டுப் போனது. 1760இல் இதை வாங்கிய கோன்டி இளவரசரின் பெயர் பின்னாளில் தோட்டத்தோடு சேர்ந்தது. பிரெஞ்சுப் புரட்சியில் அரசு இதைப் பறிமுதல் செய்து விற்றது. உரிமையாளர்கள் மாறினாலும் கொடிகளின் வழிமரபு அறுபடவில்லை. முதிர்ந்த கொடியின் கிளையை வளைத்து மண்ணுக்குள் பதியம் போட்டு, அதிலிருந்தே புதுக் கொடியை வளர்த்து வந்தார்கள்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பேராபத்து வந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்சரா என்னும் நுண்ணிய பூச்சி, வேரில் சாற்றை உறிஞ்சிப் பிரான்சின் திராட்சைத் தோட்டங்களை அழித்தது. மருந்தும் அமெரிக்காவிலேயே இருந்தது. அந்நாட்டுக் கொடியின் வேர் இப்பூச்சியைத் தாங்கக்கூடியது. எனவே அந்த வேரின்மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுக் கட்டினார்கள். ரோமனே-கோன்டியினரோ தங்கள் பழைய கொடிகளை இழக்க மனமின்றி, மண்ணுக்குள் கார்பன் டைசல்பைடு மருந்தைச் செலுத்திப் பல பத்தாண்டுகள் காப்பாற்றி வந்தார்கள்.

இரண்டாம் உலகப் போர் வந்தது. மருந்து கிடைக்கவில்லை, வேலைக்கு ஆளும் கிடைக்கவில்லை. கொடிகள் தளர்ந்தன. 1945 வசந்தத்தில் கடும் உறைபனி துளிர்களைக் கருக்கியது. அதைத் தொடர்ந்த வெப்பமான கோடையில், எஞ்சிய சில குலைகள் நன்கு பழுத்தன. வழக்கமாகச் சில ஆயிரம் புட்டிகள் தரும் அத்தோட்டம் அவ்வாண்டு தந்தது ஏறத்தாழ 600 புட்டிகளே. அந்த இரசம் மிகச் சிறந்ததாக அமைந்தது. ஆயினும் கொடிகள் இனித் தாங்கா என்பது தெளிவாகிவிட்டது. அந்த அறுவடைக்குப் பின் அவற்றை வேரோடு பிடுங்கிவிட்டு, 1947இல் அமெரிக்க வேரில் ஒட்டுக் கட்டிய கன்றுகளை நட்டார்கள்.

1946 முதல் 1951 வரை அத்தோட்டத்தின் பெயரில் ஒரு புட்டி இரசம்கூட வெளிவரவில்லை. மீண்டும் வந்தது 1952ஆம் ஆண்டு விளைச்சலில்தான். இன்றுவரை அந்தப் பெயர் நிலைத்திருப்பது அந்த ஆறு ஆண்டுக் காத்திருப்பினால்தான்.

லூக்கா நற்செய்தியில் காய்க்காத அத்திமரத்துக்காக இன்னும் ஓராண்டு தவணை கேட்கிறார் தோட்டத் தொழிலாளர். கொத்தி எருப்போட அவர் ஆயத்தமாக இருக்கிறார். அதன் பின்னும் காய்க்காவிட்டால் வெட்டிவிடவும் இசைகிறார். நாமோ பல வேளைகளில் முதல் பாதியை மட்டும் கேட்கிறோம். முன்னோர் தொடங்கியது என்பதற்காகவே குடும்பத்திலும் பங்கிலும் சிலவற்றை மருந்து ஊற்றிப் பிழைக்க வைக்கிறோம். அவற்றை விட்டுவிட்டால் முன்னோரையே விட்டுவிடுவோமோ என்று அஞ்சுகிறோம்.

ரோமனே-கோன்டியில் பழைய கொடிகள் போயின, மண் போகவில்லை. அம்மண்ணில் அதே திராட்சை இனம் வேறு வேரின்மேல் இன்றும் காய்க்கிறது. நம் கையில் உள்ளவற்றுள் எது மண், எது கொடி? இதைப் பிரித்து அறியும் தெளிவையும், பிடுங்கிய இடம் வெறுமையாய்க் கிடக்கும் ஆண்டுகளில் பொறுமையையும் இறைவனிடம் கேட்போம்.