உயிர்ச்சுவட்டு அந்துப்பூச்சிக்குப் பெயரிடும் முறை

ஊவா மலைப் பாறைகளில் அந்துப்பூச்சியின் உயிர்ச்சுவடு இருக்க வழியில்லை. பதுளை, பசறை, அப்புத்தளைத் தேயிலைத் தோட்டங்களின் அடியில் கிடக்கும் நைஸ், சாணோக்கைட்டு, குவாட்சைற்றுப் பாறைகள் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்தின் ஆழத்தில் கடும் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. அப்போது பூச்சிகளே தோன்றியிருக்கவில்லை. இலங்கையில் உயிர்ச்சுவடுகள் முக்கியமாகக் கிடைப்பது புத்தளம் பக்கத்து யுராசிக் படிவுகளிலும், யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லிலும், ‘இல்லம்’ எனப்படும் இரத்தினபுரி இரத்தினக்கல் சரளைப் படிவுகளிலும்தான்.

ஆயினும் கல்லில் பதிந்த பூச்சியை அறிய, செடியில் வாழும் பூச்சியை முதலில் அறிய வேண்டும். அதற்குத் தேயிலை மலையிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. கொழுந்தையும் அதன் கீழ் இலைகளையும் நூலால் பிணைத்து உள்ளிருந்து தின்னும் இலைசுருட்டுப் புழு வளர்ந்து ஹோமோனா கோஃபியேரியா என்னும் அந்துப்பூச்சியாகிறது. 1861இல் நீட்னர் என்னும் ஆய்வாளர் இதைக் கோப்பியின் பகைப் பூச்சிகளுள் ஒன்றாக விவரித்தார். முற்றிய இலையின் மேற்பரப்பில் இதன் முட்டைகள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். உறிஞ்சுகுழலின் அடியில் செதில் கிடையாது. முன்சிறகைவிடப் பின்சிறகில் நரம்புகள் குறைவு. இத்தகைய அடையாளங்கள் குடும்பத்தைக் காட்டுகின்றன. இனத்தை உறுதிசெய்ய வயிற்றுப் பகுதியைப் பிரித்து, பொற்றாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் இளக்கி, இனப்பெருக்க உறுப்பை நுணுக்குக்காட்டியில் ஒப்பிடுவார்கள்.

உயிர்ச்சுவட்டில் இந்த வசதி அரிது. ஏரி அடித்தளத்து மண்ணில் அமுங்கிய பூச்சி தட்டையாகி, பெரும்பாலும் சிறகின் பதிவை மட்டுமே விட்டுச்செல்லும். மரப்பிசின் இறுகி உண்டான அம்பரில் உடல் முழுமையாகத் தங்கும்; பால்ட்டிக் அம்பரில் உணர்கொம்பும் வாயுறுப்புகளும்கூடத் தெரியும். அம்பரை உடைக்காமலே எக்ஸ்-கதிர் வருடல் மூலம் உட்பகுதியையும் இன்று பார்க்க முடிகிறது.

சிறகு மட்டும் கிடைத்தால் நரம்புகளின் அமைப்பே முதல் சான்று. இரு சிறகுகளிலும் நரம்பமைப்பு ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் அது தொன்மையான கிளை. பின்சிறகில் குறைந்திருந்தால் பிற்காலக் கிளை. ஆனால் நரம்பை மட்டும் நம்புவது போதாது. அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கிடைத்த ட்ரயாசிக் காலச் சிறகு ஒன்றை 1945இல் டின்டேல் என்னும் ஆய்வாளர், இயோசெஸ் ட்ரயாசிக்கா என்ற பெயரில் மிகப் பழைய அந்துப்பூச்சியாக அறிவித்தார். அது தேள் ஈக்களின் வருணத்தைச் சேர்ந்தது என்று பின்னர் தெரிந்தது. இரு வருணங்களின் பழைய உறுப்பினர்களுக்கும் நரம்பமைப்பு ஒத்திருந்ததே காரணம்.

சிறகை முழுதும் மூடிய செதில்கள் அதைவிட வலுவான சான்று. இங்கிலாந்தின் டோர்செட் கரையில் கிடைத்து, 1985இல் வாலி என்னும் ஆய்வாளர் விவரித்த ஆர்க்கியோலெப்பிஸ் மானே ஏறத்தாழ 19 கோடி ஆண்டுப் பழமையானது. அதன் சிறகில் இணைவரிகள் கொண்ட செதில்கள் உள்ளன. 2018இல் வெளியான ஆய்வு, வடஜேர்மனியில் துளையிட்டு எடுத்த மண்ணில் ஏறத்தாழ 20 கோடி ஆண்டுக்கு முந்திய தனிச்செதில்களைக் காட்டியது. அவற்றுட் சில உள்ளீடற்றவை. இன்று அத்தகைய செதில்கள் உறிஞ்சுகுழல் உள்ள கிளையில்தான் காணப்படுகின்றன. ஆகவே பூக்கும் தாவரங்கள் பெருகுமுன்பே அந்தக் கிளை தோன்றிவிட்டது என்று ஆய்வாளர்கள் முடிவுசெய்தனர். ஜேர்மனியின் மெஸ்ஸலில் கிடைத்த 4.7 கோடி ஆண்டுப் பழமையான அந்துப்பூச்சிகளின் செதில் அடுக்குகளை ஆராய்ந்து, உயிரோடிருந்தபோது அவற்றின் சிறகு மஞ்சள் கலந்த பச்சை நிறமாக இருந்தது என்று ஆய்வாளர்கள் 2011இல் கணக்கிட்டனர்.

சான்று எவ்வளவோ, பெயரும் அவ்வளவே செல்ல வேண்டும். செதில் மட்டும் இருந்தால் வருணத்தோடு அல்லது பெருங்கிளையோடு நிறுத்த வேண்டும். ஒரு குடும்பத்துக்கே உரிய சிறப்பு அடையாளம் தெரிந்தால் குடும்பம் வரை செல்லலாம். வாயுறுப்பும் இனப்பெருக்க உறுப்பும் தெளிவாகத் தெரிந்தால் சாதியும் இனமும் கூறலாம். சான்று போதாதபோது “இடம் உறுதியற்றது” என்று பதிவதே முறை. கிளைகள் எப்போது பிரிந்தன என்ற காலக்கணிப்பு உயிர்ச்சுவடுகளை நம்பியே அமைகிறது. ஒரு சிறகைத் தவறான குடும்பத்தில் வைத்தால் அந்தக் குடும்பத்தின் வயதே பல கோடி ஆண்டுகள் பிசகிவிடும்.