முப்பதைத் தாண்டியவர்களுக்கும் ஐடியில் இடம் உண்டு

ஐடி என்றாலே புரோகிராம் எழுதுவதுதான் என்று நம்மில் பலரும் நினைக்கிறோம். முப்பதைத் தாண்டியவர்களுக்கு அந்த வாசல் குறுகலானதுதான். பல ஃப்ரெஷர் விளம்பரங்களில், எந்த ஆண்டு படிப்பை முடித்திருக்க வேண்டும் என்றே போட்டுவிடுகிறார்கள். ஆனால் சர்வீஸ் டெஸ்க் என்று இன்னொரு வாசல் இருக்கிறது. மதுரையில் மருந்துக்கடை கவுண்ட்டரில் நின்றுகொண்டிருந்த நான், 34 வயதில் அந்த வழியாகத்தான் சென்னைக்கு வேலைக்கு வந்தேன்.

ஓர் அலுவலகத்தில் யாருடைய கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் முதல் போன் எங்களுக்குத்தான் வரும். லாகின் லாக் ஆகிவிட்டது, பிரிண்டர் ஓடவில்லை என்று எதுவானாலும் ஒரு டிக்கெட் போடுவோம். எல்1 என்ற முதல் நிலையில் இருக்கும் நாங்கள் முடிந்ததைச் சரிசெய்வோம். முடியாததை அடுத்த நிலையான எல்2-வுக்கு அனுப்புவோம்.

"நெட் வரலைங்க" என்று ஒருவர் கூப்பிடுகிறார். கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' கட்டளையை அடிக்கச் சொல்வேன். ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால், டிஹெச்சிபி சர்வரிடமிருந்து முகவரி கிடைக்காமல் கம்ப்யூட்டர் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். உடனே கேபிளையும் வைஃபையையும் பார்க்க வேண்டும். முகவரி சரியாக இருந்து, வெளியே இருக்கும் 8.8.8.8 என்ற முகவரிக்கு பிங் என்ற இணைப்புச் சோதனையும் சரியாகப் போய், இணையதளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால் தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித்தரும் டிஎன்எஸ் மேல்தான் முதல் சந்தேகம். "வயிறு சரியில்லை" என்று வருபவரிடம், எப்போதிலிருந்து, என்ன சாப்பிட்டீர்கள், வேறு மாத்திரை எடுக்கிறீர்களா என்று கேட்டுப் பழகியவனுக்கு இந்த விசாரணை புதிதல்ல. எரிச்சலில் கத்துபவரிடம் நிதானமாகப் பேசுவதும் அந்தக் கவுண்ட்டர் கற்றுக்கொடுத்ததுதான்.

தொழில்நுட்பத்தைப் பெரும்பாலும் வீட்டிலிருந்தே கற்றுக்கொள்ளலாம். கூகுளின் ஐடி சப்போர்ட் பயிற்சி 2018 முதல் கோர்செரா இணையதளத்தில் இருக்கிறது. நான் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய லேப்டாப் ஒன்று வாங்கி, ரேமை 16 ஜிபி ஆக்கிக்கொண்டேன். ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொன்றை இயக்க உதவும், இலவசமாகக் கிடைக்கும் விர்ச்சுவல்பாக்ஸை அதில் ஏற்றினேன். மைக்ரோசாஃப்ட் 180 நாள் சோதனைக்குத் தரும் விண்டோஸ் சர்வரை அதற்குள் நிறுவி, அலுவலகக் கணக்குகளை நிர்வகிக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் பயனர் கணக்குகளைத் தொடங்கினேன். வேண்டுமென்றே பாஸ்வேர்டைத் தவறாக அடித்து லாக் செய்வேன்; பிறகு நானே திறப்பேன். இன்டர்வியூவில் கைகொடுத்தது இதுதான். "இந்த வயதில் ஏன்?" என்று கேட்டார்கள். காரணத்தை நேராகச் சொன்னேன். அடுத்த கேள்வியே லாக் ஆன கணக்கைப் பற்றித்தான்.

கஷ்டங்களும் உண்டு. தொடக்கச் சம்பளம் குறைவு. வெளிநாட்டு வாடிக்கையாளர் என்றால் நைட் ஷிஃப்ட் வரும். டீம் லீடர் நம்மைவிடச் சின்னவராக இருப்பார். அவரிடம் கேட்டுக் கற்கும் மனம் வேண்டும். வீட்டில் இருப்பவர்களிடம் இதையெல்லாம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். பணம் கட்டினால் வேலை என்பவர்களையும், போலி அனுபவச் சான்றிதழ் தருகிறேன் என்பவர்களையும் நம்பாதீர்கள். நீங்கள் எங்கே வேலை பார்த்தீர்கள் என்பதை பி.எஃப். கணக்கின் யுஏஎன் பதிவை வைத்தே சரிபார்த்துவிடுவார்கள். மருந்துக்கடையோ துணிக்கடையோ, பார்த்த வேலையை உள்ளபடி ரெஸ்யூமில் எழுதுங்கள். சர்வீஸ் டெஸ்க்கில் அந்த அனுபவத்துக்கும் மதிப்பு உண்டு.