முகில் ஏட்டை அணுகும் முறை

கார்த்திகைத் தீபத்தன்று மாலை ஆறு மணிக்கு, 2,668 அடி உயரமுள்ள அண்ணாமலையின் உச்சியில் சுடர் எழுமுன்னரே, மலையைச் சூழ்ந்த 14 கிலோமீட்டர்ப் பாதை மக்களால் நிரம்பிவிடுகின்றது. இலட்சக்கணக்கானோர் கூடும் அந்நெரிசலில், தாயின் கைவிட்டுப் பிரிந்த குழந்தையொன்று ஈசானிய லிங்கத்தின் பக்கல் அழுதுகொண்டு நிற்க, தாயோ மலைக்கு மறுபுறத்தே நிருதி லிங்கத்தின் பக்கல் அதனைத் தேடி அலைதல் கூடும். ஈரிடத்தும் உதவிச் சாவடிகள் இருந்து, ஒன்றில் எழுதிய குறிப்பு மற்றொன்றில் அப்பொழுதே தோன்றுமாயின் எத்துணை நன்மை! செயலிகள் இயற்றுவதில் ஊக்கமுடைய நம் மாணவர் சிலர் இத்தகைய பதிவேடொன்றை அமைக்கப் புகுவாராயின், செயலியையும் தொலைவிலுள்ள தரவுத்தளத்தையும் இணைப்பதே அவர்க்கு முதலில் எதிர்ப்படும் காரியமாகும். அதனை இயன்றவரை எளிதாக விளக்கக் கருதுகின்றோம்.

முகில் என்று பெயரிட்டமையால் அது வானத்தில் உள்ளதென எவரும் மயங்கார். ஏதோவொரு நகரில், குளிரூட்டிய கூடங்களில், அடுக்கடுக்காய் நிற்கும் கணினிகளே முகில் எனப்படுவன. மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் 2015இல் சென்னையிலும், அமேசான் நிறுவனத்தார் 2016இல் மும்பையிலும், கூகிள் நிறுவனத்தார் 2017இல் மும்பையிலும் இத்தகைய நிலையங்களைத் திறந்தனர். அவற்றில் இடம் வாடகைக்குப் பெற்று நம் ஏட்டை வைத்துக்கொள்ளுகின்றோம், அவ்வளவே. ஆயின் அந்த ஏடு நம் மொழியை அறியாது. போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தை எடுத்துக்கொள்வோம். அது வழக்கமாக 5432 என்ற எண்ணுள்ள வாயிலில் காத்திருந்து, தனக்கென வகுத்த முறையில் வரும் செய்திகளுக்கே விடையிறுக்கும். அம்முறையை ஒவ்வொரு மாணவரும் கற்றுத் தாமே எழுதுவதென்றால் ஆண்டொன்று போதாது. ஆதலின் வல்லார் பலர் முன்னரே எழுதி வைத்த இணைப்பு நூலகங்கள் உள. ஜாவா மொழியினர்க்கு ஜேடிபிசி என்னும் பொது முறையும், பைத்தான் மொழியினர்க்கு ஸைக்கோபிஜி என்னும் நூலகமும் கிடைக்கின்றன. பின்னதைப் பிப் என்னும் கருவியால் ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ளலாம். நிறுவிய பதிப்பின் எண்ணைக் குறித்து வைத்தல் நன்று. இல்லையேல் அடுத்த ஆண்டு வேறொருவர் நிறுவும்போது வேறு பதிப்பு வந்து புகும்.

நூலகத்தை எங்கே வைப்பது என்பது அடுத்த வினா. கைப்பேசிச் செயலிக்குள்ளேயே தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை எழுதிவிடுவது புதியோர் பலரின் வழக்கம். செயலியைப் பெற்றவர் எவரும் அதனைப் பிரித்துப் பார்த்துச் சொல்லை எடுத்துவிடலாம். எடுத்தவர் கையில் எல்லாக் குழந்தைகளின் பெயரும், பெற்றோரின் தொலைபேசி எண்ணும் சென்று சேரும். ஆகவே இடையில் ஒரு சேவைக் கணினியை நிறுத்தி, நூலகத்தையும் கடவுச்சொல்லையும் அதனிடமே ஒப்படைத்து, கைப்பேசிகள் அதனோடு மட்டும் பேசுமாறு செய்தல் வேண்டும். அங்கும் கடவுச்சொல் நிரலின் வரிகளுக்கிடையே இருத்தல் ஆகாது. இயங்கும் சூழலின் மாறியாக வெளியிலிருந்து தரப்படல் வேண்டும். இது வீண் அச்சமன்று. 2016ஆம் ஆண்டில் ஊபர் நிறுவனத்தின் பொறியாளர்கள் தம் தனி நிரற்களஞ்சியத்தில் விட்டுவைத்த திறவுகோலைக் கள்வர் கண்டெடுத்து, 5 கோடியே 70 இலட்சம் பேரின் விவரங்களைக் கவர்ந்தனர். உலகறிந்த நிறுவனத்திற்கே இக்கதியாயின், தேர்வுக்கு நடுவே அவசரமாய் எழுதும் நம் மாணவர்க்கு எச்சரிக்கை மிகையாகாது.

இணைப்பிற்கு வேண்டுவன ஐந்து: கணினியின் பெயர், வாயில் எண், தளத்தின் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல். இவற்றோடு மறைகுறியாக்கம் பற்றிய அமைப்பொன்று உண்டு. அதனை வாளாவிட்டால் நூலகம் மறைகுறியாக்கத்தை முயலும். இயலாவிடில் வெளிப்படையாகவே பேசிவிடும். முழுச் சரிபார்ப்பு என்னும் நிலையில் அதனை வைத்தாலன்றி, மறுமுனையில் இருப்பது நம் தளந்தானா, இடையில் நிற்கும் வஞ்சகனா என்று நூலகம் ஆராயாது. இயல்பு நிலையை ஏன் இத்துணைத் தளர்வாக வைத்தனர் என்பது எமக்கு இன்றும் வியப்பே.

இணைப்பு ஒன்றை உண்டாக்குதல் மலிவான செயலன்று. திருவண்ணாமலைக்கும் மும்பைக்கும் வான்வழித் தூரம் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு இரண்டு இலட்சம் கிலோமீட்டர் செல்வதாகக் கொண்டால், ஒரு முறை போய்வர நொடியின் நூற்றிலொரு பங்கேனும் ஆகும். கை குலுக்குதல், மறைகுறி பேசுதல், கடவுச்சொல் காட்டுதல் என ஓர் இணைப்புத் தொடங்குமுன் செய்திகள் பலமுறை போய்வருகின்றன. அன்றியும் போஸ்ட்கிரெஸ் ஒவ்வோர் இணைப்புக்கும் தனிச் செயலொன்றை எழுப்புவது. இயல்பில் 100 இணைப்புகளுக்கு மேல் ஏற்பதில்லை. எனவே சேவைக் கணினியைத் தளமுள்ள நகரிலேயே வைத்து, பத்து இணைப்புகளை முன்கூட்டியே திறந்து, ஒரு குளத்தில் நீர் தேக்குவதுபோல் தேக்கிவைத்தல் வேண்டும். வேலை வந்தபோது ஒன்றை எடுத்து, முடிந்தவுடன் திருப்பிவிடுவதே முறை. நொடியிலொரு சிறு கூறே ஒவ்வொரு வேலைக்கும் ஆதலின், சாவடிகள் நூறாயினும் பத்து இணைப்புகள் போதியனவாகும்.

தீப இரவில் கைப்பேசி அலைகள் நெரிசலால் தடுமாறுவதை அறியாதார் நம்மூரில் இலர். விடை வராதபோது எத்துணை நேரம் காத்திருப்பது என்பதை நூலகத்துக்குச் சொல்லிவைக்காவிட்டால் அது நெடுநேரம் திகைத்து நிற்கும். ஐந்து நொடி என்று வரையறுத்தல் தகும். பின்னர் மீண்டும் முயலலாம். ஆயின் எல்லாச் சாவடியும் ஒரே கணத்தில் மீண்டும் முயன்றால், தளர்ந்த கணினி அறவே விழும். 2021 ஏப்ரல் 28ஆம் நாள் கோவின் தளத்தில் தடுப்பூசிப் பதிவு 18 வயது கடந்த அனைவர்க்கும் திறக்கப்பட்டபோது, அந்நாளில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் பதிந்தனர். முதற் சில நிமிடங்களில் தளம் தடுமாறியதைப் பலரும் கண்டனர். ஆகையால் முதலில் ஒரு நொடி, பிறகு இரண்டு, பிறகு நான்கு என இடைவெளியைப் பெருக்கி, ஒவ்வொன்றிலும் சிறிது ஏறுமாறும் கலந்து முயலுமாறு அமைத்தல் வேண்டும். முதல் முயற்சியில் குறிப்பு எழுதப்பட்டு, விடை மட்டும் வழியில் தொலைந்திருத்தலும் உண்டு. அப்பொழுது ஒரு குழந்தை இருவராகிவிடும்! குறிப்புப் பிறக்கும்போதே கைப்பேசியில் அதற்கொரு தனியடையாள எண் தந்து, அவ்வெண் முன்னரே இருப்பின் மீண்டும் எழுதாதே என்று தளத்துக்குக் கட்டளையிட்டால் இக்குழப்பம் நேராது.

இனி, பிறமொழியார் எழுதிய வழிகாட்டிகளில் காணக்கிடையாததும், நம்மவர்க்கு மிக இன்றியமையாததுமான ஒன்றைச் சொல்ல வேண்டும். சாவடியில் ஒருவர் ‘கோமதி’ என்று பதிகின்றார். மறுசாவடியில் தாய் ‘கோமதி’ என்றே தேடச் சொல்லுகின்றாள். தளம் ‘இல்லை’ என்று விடையிறுக்கின்றது. எங்ஙனம்? யூனிகோடு முறையில் ஓகாரக் குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஏகாரக் குறியையும் காலையும் தனித்தனியே தொடுத்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கோ முன்னது ஐந்து குறியீடு, பின்னது ஆறு. யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட்டு ஆதலின், முன்னது 15 பைட்டு, பின்னது 18. இரண்டையும் ஒப்பிட்டு வேறென்று கூறும் கணினி பொய் சொல்லவில்லை. தட்டச்சுப் பலகைகள் வெவ்வேறாயிருப்பதால் இது நிகழ்கின்றது. மருந்து எளிது: எழுதும்போதும் தேடும்போதும் பெயரை என்எஃப்சி என்னும் ஒரே வடிவுக்கு மாற்றுதல். பைத்தானில் இதற்குரிய செயற்கூறு உண்டு. போஸ்ட்கிரெஸிலும் 2020இல் வெளிவந்த 13ஆம் பதிப்பு முதல் உண்டு. மைஎஸ்க்யூஎல் தளத்தை விரும்புவோர், 2018இல் வந்த 8.0 பதிப்புக்கு முற்பட்டவற்றின் இயல்பான எழுத்துமுறை தமிழை ஏற்காதென்பதை நினைவிற் கொள்க. பெயர்கள் கேள்விக்குறிகளாய் மாறிவிடும். பெயரைக் கட்டளை வாக்கியத்தோடு ஒட்டி எழுதாமல், தனி மதிப்பாக நூலகத்திடம் கொடுத்தலும் வேண்டும். ஒட்டி எழுதினால் தீயோர் பெயருக்குப் பதில் கட்டளையையே எழுதிப் புகுத்துவர்.

கூகிளின் ஃபயர்ஸ்டோர் போன்றன கைப்பேசியிலேயே நேராக வைக்கத்தக்க நூலகங்களை உடையன. அலை அறுந்தபோதும் கைப்பேசியிலேயே குறித்து வைத்து, மீண்டும் கிடைத்தவுடன் அனுப்பிவிடும் அவற்றின் குணம் கிரிவலப் பாதைக்கு மிகப் பொருந்தும். ஆனால் அங்குக் காவல் முழுவதும் நாம் எழுதும் அனுமதி விதிகளிலேயே உள்ளது. சோதனை நிலையில் எவரும் படிக்கவும் எழுதவும் கதவு திறந்தே கிடக்கும். அந்நிலையில் வைத்துக்கொண்டு தீபத்துக்குச் செல்லல் ஆகாது.

பதிவேட்டைத் தீபத்தன்று முதன்முதலாகத் திறத்தல் தவறு. அதற்கு முந்திய பௌர்ணமியொன்றில் இரு சாவடிகளில் வைத்து, வேண்டுமென்றே கைப்பேசியின் அலையை நிறுத்தியும், ஒரே பெயரை வெவ்வேறு பலகையில் தட்டியும், சேவைக் கணினியை நடுவில் அணைத்தும் பார்த்தல் வேண்டும். விழா முடிந்து குழந்தைகள் யாவரும் தத்தம் பெற்றோரைச் சேர்ந்தபின் அக்குறிப்புகளால் ஆவதொன்றில்லை; 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனித்தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பதினெட்டு வயது நிரம்பாதோரின் விவரங்களுக்குத் தனிக் காவல் விதித்துள்ளது. ஆதலின் அவற்றை அழிக்கும் கட்டளையையும் முதல் நாளே எழுதி, அதனையும் அப்பௌர்ணமியிலேயே ஒருமுறை நடத்திப் பார்த்துவிடுக.