மீட்டர் வட்டியும் அகதிச் சட்டமும்

உயிருக்கு அஞ்சி நாட்டைவிட்டு வெளியேறுவோர் அனைவரையும் சட்டம் அகதிகளாக ஏற்பதில்லை. இனம், மதம், நாட்டுரிமை, குறிப்பிட்டதொரு சமூகக் குழுவைச் சேர்ந்திருத்தல், அரசியல் கருத்து என்னும் ஐந்து காரணங்களுள் ஒன்றினால் துன்புறுத்தப்படலாம் என்ற தக்க அச்சம் உடையவரையே 1951ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் உடன்படிக்கை அவ்வாறு கருதுகிறது. பூந்தமல்லியை அடுத்த கரையான்சாவடியில் தண்டல் பணத்தில் கடை போட்ட ஒருவரை அடியாட்கள் தேடி வருவார்களானால், அதற்குக் காரணம் இவ்வைந்தில் எதுவும் அன்று, பாக்கிப் பணம் மட்டுமே.

தண்டல் என்பது வட்டியை முன்கூட்டியே கழித்துக்கொண்டு, முழுத் தொகையையும் நாள்தோறும் சிறிது சிறிதாக வசூலிக்கும் முறையாகும். கையில் 8,500 ரூபாய் கொடுத்து, நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாளில் 10,000 ரூபாய் பெறப்படுமானால், வட்டி 15 விழுக்காடு போலத் தோன்றும். ஆனால் அசல் அன்றாடம் குறைந்துவருவதைக் கணக்கில் கொண்டால், அது ஆண்டுக்கு 100 விழுக்காட்டையும் தாண்டிவிடும். தவணை தவறியதும் ஆட்டோ மீட்டர் போல ஏறிக்கொண்டே போவது மீட்டர் வட்டி. இவ்விரண்டோடு தினவட்டி, மணிநேர வட்டி, கந்துவட்டி ஆகியவற்றையும் பெயர் சுட்டியே தடைசெய்த 2003ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம், மூன்றாண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்க வழிசெய்கிறது.

கடனாளியைக் காக்க வந்த அச்சட்டமே, வெளிநாட்டில் அவருடைய புகலிட மனுவுக்கு எதிரான சான்றாகவும் மாறுகிறது என்பதுதான் இதிலுள்ள விசித்திரம். மிரட்டுபவர் அரசல்லாத தனியாராக இருக்கையில், சொந்த நாட்டு அரசு தம்மைக் காக்க இயலாதது அல்லது விரும்பாதது என்பதை மனுதாரரே மெய்ப்பிக்க வேண்டும்; அரசு காக்கும் என்பதே முதல் அனுமானம் என்று கனடா உச்ச நீதிமன்றம் 1993இல் வார்டு வழக்கில் தீர்ப்பளித்தது. ஆஸ்திரேலியா 2012 முதல், அந்த ஐந்து காரணங்கள் இல்லாவிடினும் கடும் தீங்குக்கு உள்ளாகக்கூடியவருக்குத் துணைப் பாதுகாப்பு அளிக்கிறது. எனினும் சொந்த நாட்டின் வேறோர் ஊரில் பாதுகாப்பாக வாழலாம் எனத் தெரிந்தால் அதுவும் மறுக்கப்படும். ‘ஆ லோங்’ எனப்படும் வட்டி முதலைகளுக்கு அஞ்சி ஆஸ்திரேலியாவில் புகலிடம் கேட்ட மலேசியர் பலரின் மனுக்கள் இத்தகைய காரணங்களாலேயே தள்ளுபடியாயின.

சட்டம் இருப்பதும் காப்பு கிடைப்பதும் ஒன்றல்ல என்பதற்கு நெல்லையே சாட்சி. 2017 அக்டோபரில் கந்துவட்டிக் கொடுமை குறித்துப் பலமுறை மனுக் கொடுத்தும் பயன் காணாத ஒரு குடும்பத்தார், இரு குழந்தைகள் உட்பட, மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே தீக்குளித்து மாண்டனர்.

சான்று திரட்டுவதும் எளிதன்று. தண்டலுக்கு ரசீது கிடையாது. கடனாளி கையெழுத்திட்டுக் கொடுத்த வெற்றுக் காசோலையோ வட்டிக்காரரிடம் இருக்கிறது. அதில் தொகையை நிரப்பி வங்கியில் போட்டு, பணமில்லாமல் அது திரும்பியதும் காசோலை மோசடி வழக்குத் தொடுத்தால், மிரட்டப்பட்டவரே குற்றஞ்சாட்டப்பட்டவர் ஆகிறார். எஞ்சும் ஆவணம் காவல் நிலையத்தில் தரப்படும் சி.எஸ்.ஆர். என்னும் புகார் ஏற்புச் சீட்டு. அச்சீட்டு இல்லாவிடில், ஏன் முறையிடவில்லை என்று சிட்னியிலோ டொரன்டோவிலோ கேட்பார்கள். இருந்தால், போலீசார் பிறகு என்ன செய்தார்கள் என்று கேட்பார்கள்.