இப்போது என்ன கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?



கடந்த மாதம் ஒரு ஞாயிறு மாலை. இளையோர் கூட்டம் தொடங்க இன்னும் நேரம் இருந்தது. ஆலயத்தின் பக்கவாட்டுப் படிகளில் ஐந்தாறு பேர் ஆளுக்கொரு கைப்பேசியோடு அமர்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். "ஒரு வாரமா இந்த ஆல்பம்தான் ஓடுது" என்றான் ஒருவன். "நாலாவது பாட்டைக் கேட்டியா? அதை ராத்திரி லைட்டை அணைச்சுட்டுக் கேளு" என்றாள் இன்னொருத்தி. நான் அருகில் சென்றதும் எழுந்து நின்றார்கள். அவர்களில் துணிச்சலான பெண் ஒருத்தி, "ஃபாதர், நீங்க இப்ப என்ன கேட்டுக்கிட்டு இருக்கீங்க?" என்றாள். "நம்ம பாடகர் குழு சுருதி தப்புறதைத்தான் வாராவாரம் கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். கூட்டம் தொடங்கியது.

சிரிப்பில் தப்பித்துவிட்டேனே தவிர, அந்தக் கேள்வி அன்றிரவு என்னை விடவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன் இதே கேள்விக்கு ஒருவர் எனக்குக் கொடுத்த பதிலை நான் சரியாக வாங்கிக்கொள்ளவில்லை. அதைச் சொல்வதற்கு முன், இசைப் பிரியர்களிடையே இருக்கும் இந்தப் பழக்கத்தைச் சற்றுப் பார்ப்போம்.

இசையில் ஊறியவர்கள் சந்தித்துக்கொண்டால் இரண்டு கேள்விகள் எழும். ஒன்று, "எது சிறந்தது?" மற்றொன்று, "இப்போது எதைக் கேட்கிறாய்?" முதல் கேள்வி பெரும்பாலும் சண்டையில் முடியும். எம்.எஸ்.வி.யா, இளையராஜாவா, ரகுமானா என்று நள்ளிரவு வரை வாதிட்டவர்களை எங்கள் குருமடத்திலேயே பார்த்திருக்கிறேன். நானும் வாதிட்டவன்தான். அதில் நாம் நம் அறிவைக் காட்டுகிறோம், ஒரு கட்சியில் சேர்கிறோம். இரண்டாவது கேள்வி அப்படியல்ல. "இந்த வாரம் எனக்கு இதுதான் வேண்டியிருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் அதை மறுத்து வாதிட முடியுமா? அது இசையைப் பற்றிய தீர்ப்பு அன்று. சொல்பவரைப் பற்றிய செய்தி. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்று எல்லாரும் சொல்லிவிடுவோம். எதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள் என்று கேட்டால் அப்படிச் சொல்லி மழுப்புவது கடினம்.

'ஆல்பம்' என்ற பெயருக்கே ஒரு கதை உண்டு. நிமிடத்துக்கு 78 முறை சுழன்ற பழைய இசைத்தட்டுகளில் ஒரு பக்கத்துக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம்தான் கொள்ளும். நீண்ட இசையைப் பதிவுசெய்ய வேண்டுமானால் பல தட்டுகள் வேண்டும். அவற்றை உறைகளில் இட்டு, நிழற்பட ஆல்பம் போலப் புத்தகமாகக் கட்டி விற்றார்கள். பெயர் ஒட்டிக்கொண்டது. 1948-இல் அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனம் நீண்டநேர இசைத்தட்டை வெளியிட்டது. ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கும் மேல் கொள்ளும் தட்டு அது. முதலிலிருந்து முடிவு வரை வரிசையாகக் கேட்க வேண்டிய ஒன்றாக ஆல்பம் மாறியது அதன் பிறகுதான்.

1963-இல் பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகப்படுத்தியது. கேட்பவரே பதிவுசெய்து இன்னொருவருக்குக் கொடுக்கலாம் என்ற நிலை அதனால் பரவலாயிற்று. என் வயதினருக்கு நினைவிருக்கும்: ஒரு தாளில் பாடல்களை எழுதிக் கொண்டுபோய் கேசட் கடையில் கொடுப்போம். கடைக்காரர் பட்டியலைப் பார்த்து, "60 போதாது, 90 வாங்கிக்கோங்க" என்பார். இரண்டு நாள் கழித்துப் போனால், அட்டையில் பாடல்களின் பெயர் எழுதித் தயாராக இருக்கும். (அப்படிப் பதிவுசெய்வது உரிமச் சட்டப்படி தவறு என்று அன்று யாரும் எண்ணிப் பார்க்கவில்லை, நான் உட்பட.) அதற்கும் முன்பே இலங்கை வானொலிக்கு அஞ்சலட்டை எழுதிப் போட்டு, விரும்பிக் கேட்ட நேயர்களின் வரிசையில் தன் பெயரும் ஊரும் வாசிக்கப்படுமா என்று காத்திருந்தவர்கள் எத்தனை பேர்! தனக்குப் பிடித்த பாடலைத் தான் மட்டும் கேட்டால் அவர்களுக்குப் போதவில்லை.

இன்று கைப்பேசியில் ஓர் இணைப்பை அனுப்பினால் முடிந்தது. 1999-இல் நாப்ஸ்டர், 2008-இல் ஸ்பாட்டிஃபை என்று பாதை எளிதாகிக்கொண்டே வந்தது. நல்லதுதான். ஆனால் ஒன்று கவனித்தீர்களா? அன்று கேசட்டை இரவல் கொடுத்தவர் வீட்டில், அது திரும்பி வரும்வரை அந்த இசை இல்லை. கொடுப்பதில் ஓர் இழப்பு இருந்தது. அதனால் வாங்கியவருக்கும் ஒரு கடமை இருந்தது. அந்தக் கடமையில்தான் நான் தவறினேன்.

1995. நான் குருமடத்தில் இறையியல் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்த அண்ணன் ஒருவர். அதிகம் பேசாதவர். அவ்வாண்டு தவக்காலத்துக்குச் சற்றுமுன் அவருடைய அம்மா இறந்துபோனார். ஊருக்குப் போய் அடக்கம் முடித்து, மூன்றாம் நாள் திரும்பி வந்தார். அதைப் பற்றி யாரிடமும் எதுவும் பேசவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு மாலை, விளையாட்டுத் திடலிலிருந்து திரும்பும்போது வழக்கமான பேச்சாக, "என்ன அண்ணே, இப்ப என்ன பாட்டு கேக்குறீங்க?" என்றேன். மறுநாள் என் மேசைமேல் 60 நிமிடக் கேசட் ஒன்று இருந்தது. செர்மனியில் பணியாற்றிய உறவுக்காரக் குருவானவர் அனுப்பியதாம். அட்டையில், "குரெட்ஸ்கி, மூன்றாம் சிம்பொனி" என்று எழுதி, அதன்கீழ் சிறிய எழுத்தில், "முழுசா கேளு" என்றிருந்தது.

பொழுதுபோக்கு அறையில் இருந்த டேப் ரெக்கார்டரில் போட்டேன். முதலில் ஒன்றும் கேட்கவில்லை. ஒலியைக் கூட்டினேன். அடித்தொண்டை முனகல் போல ஏதோ வந்தது. டபுள் பேஸ் என்னும் பெரிய நரம்புக் கருவிகள் மிகத் தாழ்ந்த குரலில், மிக மெதுவாக ஒரு மெட்டை வாசிக்கின்றன. அதே மெட்டை அடுத்த கருவிகள் தொடர்கின்றன. அதன்மேல் இன்னும் சில. பத்து நிமிடம் ஆயிற்று; ஒரு வார்த்தை இல்லை, தாளம் இல்லை. அணைத்துவிட்டேன். மறுநாள் காலை கேசட்டைத் திருப்பிக் கொடுத்து, "நல்லா இருக்கு அண்ணே" என்றேன். "முழுசா கேட்டியா?" என்றார். "கேட்டேன்" என்றேன். அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை. அதன்பின் அவர் எனக்கு எந்தக் கேசட்டும் தரவில்லை.

அந்த இசையைப் பற்றிப் பின்னர் நான் அறிந்தது இது. ஹென்ரிக் குரெட்ஸ்கி போலந்து நாட்டுக் கத்தோலிக்கர். கத்தோவீத்சே நகர இசைக் கல்லூரியின் தலைவராக இருந்தவர். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1979-இல் தாயகம் வந்தபோது, அந்நகருக்கு வர கம்யூனிச அரசு இடம் தராததை எதிர்த்துப் பதவி விலகினார். மூன்றாம் சிம்பொனியை அவர் எழுதியது 1976-இல். அதற்கு 'துயரப் பாடல்களின் சிம்பொனி' என்று பெயர். மூன்று பகுதிகள், ஒரே ஒரு பெண் குரல். முதல் பகுதியில் வரும் பாடல், சிலுவையில் தொங்கும் மகனிடம் அன்னை மரியா பேசுவதாக 15-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட புலம்பல். மூன்றாவது, போரில் மாண்ட மகனைத் தேடும் தாயின் நாட்டுப்புறப் பாடல். நடுப்பகுதியின் வரிகள் சிறைச்சுவரில் இருந்து எடுக்கப்பட்டவை. 1944-இல் சாக்கோபானே என்ற ஊரில் நாத்சிகளின் கெஸ்டாப்போ காவலில் அடைக்கப்பட்ட பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி, அழ வேண்டாம் என்று தன் தாய்க்குச் சொல்லி, விண்ணக அன்னையிடம் அடைக்கலம் கேட்டுச் சுவரில் கீறியிருந்தாள். சிறைச்சுவர்களில் மற்றவர்கள் பழிவாங்கும்படி எழுதியிருக்க, இந்தப் பெண் தன் தாயின் துயரத்தை மட்டுமே எண்ணினாள் என்பதுதான் தம்மைத் தொட்டதாகக் குரெட்ஸ்கி பின்னாளில் கூறினார்.

1977-இல் பிரான்சின் ருவாயான் நகர விழாவில் இது முதன்முதலாக இசைக்கப்பட்டபோது விமர்சகர்கள் பலர் இதை ஏளனம் செய்தார்கள். அங்கே புதுமையைத் தேடி வந்தவர்களுக்கு இது மிக எளிதாகவும் மெதுவாகவும் பட்டது. 1992-இல் டான் அப்ஷா என்னும் அமெரிக்கப் பாடகியின் குரலில், டேவிட் சின்மன் நடத்த, லண்டன் சின்ஃபோனியட்டா குழு வாசித்த பதிவு வெளியானது. அவ்வாண்டு பிரிட்டனில் தொடங்கப்பட்ட கிளாசிக் எஃப்.எம். வானொலி அதன் நடுப்பகுதியை அடிக்கடி ஒலிபரப்பியது. கேட்டவர்கள் கடைக்குப் போனார்கள், வாங்கியவர்கள் நண்பர்களுக்குச் சொன்னார்கள். 1993-இல் பிரிட்டனின் பொது ஆல்பம் பட்டியலில், பாப் பாடகர்களுக்கு நடுவே, அது ஆறாவது இடத்தைப் பிடித்தது. பத்து இலட்சத்துக்கும் மேல் விற்றது. எழுதியவருக்கே அது வியப்பாக இருந்தது. மக்களிடம் இல்லாத ஏதோ ஒன்றை இதில் அவர்கள் கண்டிருக்கலாம் என்று அவர் சொன்னதாக வாசித்திருக்கிறேன். 1994-இல் ஸ்பெயின் நாட்டுச் சீலோஸ் மடத்துத் துறவியர் பாடிய கிரகோரியன் பாடல்களின் தொகுப்பும் இப்படித்தான் பல இலட்சம் பேரிடம் போய்ச் சேர்ந்தது. இவ்வளவு பேருக்கும் அந்த ஆண்டுகளில் மனத்தில் என்ன இருந்தது என்பதை எந்த விற்பனைக் கணக்கும் சொல்லாது. அந்த அண்ணனுக்கு என்ன இருந்தது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

2010 நவம்பரில் குரெட்ஸ்கி இறந்த செய்தியைப் படித்தபோதுதான் அந்தப் பெயர் எனக்கு மீண்டும் நினைவுக்கு வந்தது. குறுந்தகடு ஒன்றை வரவழைத்து, ஒரு வெள்ளிக்கிழமை இரவு கதவை அடைத்துவிட்டுக் கேட்டேன். அந்த அடித்தொண்டை முனகல் மெல்ல மெல்ல ஏறி, நரம்புக் கருவிகள் அனைத்தும் சேர்ந்து அறையை நிறைத்தது. பிறகு எல்லாம் வடிந்து ஒற்றைச் சுருதியில் நின்றது. அப்போதுதான் அந்தப் பெண் குரல் எழுந்தது, மகனிடம் பேசும் தாயாக. கடிகாரத்தைப் பார்த்தேன். ஏறத்தாழ பதின்மூன்றாம் நிமிடம். 1995-இல் நான் நிறுத்தியது பத்தாம் நிமிடத்தில்.

உடனே அவருக்கு எழுதியிருக்க வேண்டும். வெட்கத்தில் தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட்டதில் மேலும் ஆண்டுகள் ஓடின. இளையோர் கூட்டத்துக்கு மறுநாள்தான் தொலைபேசியில் அழைத்தேன். அவர் இப்போது வேறொரு மறைமாவட்டத்தில் பங்குத்தந்தை. நலம் விசாரித்துவிட்டு, "அண்ணே, அந்தக் கேசட்டை நான் அன்னிக்கு முழுசா கேக்கலை. பொய் சொன்னேன்" என்றேன்.

அவர் சிரித்தார். "தெரியும் தம்பி. நீ குடுத்தப்ப நாடா முதல் பக்கத்துல கால்வாசி தாண்டித்தான் நின்னுச்சு. முழுசா கேட்டிருந்தா மறுபக்கத்துக் கடைசில நிக்கணும். இல்லன்னா சுத்தி வச்சிருக்கணும்" என்றார். முப்பது ஆண்டுகளாக அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பிறகு தம் அம்மாவைப் பற்றிப் பேசினார். அரைமணி நேரம் பேசியிருப்பார். அம்மா வைக்கும் மீன்குழம்பு, விடுமுறை முடிந்து குருமடம் திரும்பும் நாளில் பேருந்து நிறுத்தம் வரை கூடவே நடந்து வருவது, கடைசி வாரம் மருத்துவமனையில் இருந்ததை, தேர்வு நேரம் என்பதால் அவருக்குச் சொல்லவேண்டாம் என்று வீட்டாரைத் தடுத்தது. வைப்பதற்கு முன், "சரி, நீ இப்ப என்ன கேக்குற?" என்றார். ஒன்றுமில்லை என்று உண்மையைச் சொன்னேன். அன்று மாலையே ஓர் இணைப்பை அனுப்பினார். கூட எதுவும் எழுதவில்லை.

நாற்பது நிமிட ஆல்பம். நேற்று இரவு தொடங்கினேன். பதினைந்தாம் நிமிடத்தில், நோயில்பூசுதல் கொடுக்க வரும்படி அழைப்பு வந்தது. இன்றிரவு மறுபடியும் முதலிலிருந்து கேட்க வேண்டும்.