செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரத்திற்குச் சைக்கிளில்

வீட்டிலிருந்து பள்ளிக்குச் சைக்கிளில் வருவது ஒன்று. ஒரே நாளில் அறுபது கிலோமீட்டர் கூட்டமாகச் சென்று திரும்புவது முற்றிலும் வேறு. முன்னதற்குக் கால் பலம் போதும். பின்னதற்குச் சாலையின் மேடு பள்ளமும், காற்றின் போக்கும், உடன் வருபவள் எவ்வளவு களைத்திருக்கிறாள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சென்ற பிப்ரவரியில், நாங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, இரண்டு ஆசிரியைகளுடன் பதினான்கு பேர் இதைச் செய்து பார்த்தோம். ஒருத்தியைக்கூடப் பின்னால் விட்டுவிடக் கூடாது என்ற நிபந்தனையின் பேரில்தான் பெற்றோர் கையெழுத்திட்டார்கள்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் ஏறத்தாழ 14 கிலோமீட்டர். அங்கிருந்து மாமல்லபுரம் இன்னும் 15 கிலோமீட்டர். நீலகிரியைப் போன்ற ஏற்றம் இங்கே இல்லை. சிறு பாறைக் குன்றுகளும், அவற்றின் மழைநீரைத் தேக்கும் ஏரிகளும் நிறைந்த நாடு இது. அறுவடை முடிந்த நெல் வயல், வேர்க்கடலைக் கொல்லை, தர்பூசணிக் கொடி, கடலை நெருங்கினால் சவுக்குத் தோப்பு என்று காட்சி மாறிக்கொண்டே இருக்கும். ஆனால் பஸ்ஸில் போகும்போது கண்ணுக்கே தெரியாத மேடுகள் சைக்கிளில் போகும்போது முழங்காலுக்குத் தெரிந்துவிடும்!

அதற்குக் காரணம் உண்டு. கியர் இல்லாத சாதாரணச் சைக்கிளில் பெடலை ஒரு முறை சுற்றினால் பின்சக்கரம் இரண்டு முறைக்கு மேல் சுற்றுகிறது. வண்டி சுமார் 5 மீட்டர் நகர்கிறது. அப்படியானால் அறுபது கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 12,000 சுற்று! சமநிலத்தில் இது நல்ல ஏற்பாடுதான். மேட்டிலோ, அதே ஒரு சுற்றில் நம் எடையையும் வண்டியின் எடையையும் உயர்த்தியாக வேண்டும். கியர் வண்டிக்காரர் பல்சக்கரத்தை மாற்றிக்கொள்வார். நாம் எழுந்து நின்று மிதிக்கலாம். இறங்கித் தள்ளிக்கொண்டும் போகலாம். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

மேட்டைவிடப் பொல்லாதது காற்று. பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுவதால், கடற்காற்று உள்நோக்கி வீசத் தொடங்குகிறது. இரவில் நிலம் குளிர்ந்துவிடுவதால் விடியற்காலையில் அந்த எதிர்ப்பு இருக்காது. ஆகவே இருள் பிரியும்போதே புறப்பட்டுக் கடலை அடைந்துவிட்டு, பிற்பகலில் கடற்காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு திரும்புவதே புத்திசாலித்தனம். எங்கள் திட்டமும் அதுவே. ஆனால் திருக்கழுக்குன்றத்தை அடையுமுன் வேலிக்காத்தான் முள் மூன்று டியூப்களைப் பதம் பார்த்துவிட்டது. டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி தேடி, உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டுப் போட்டு முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது.

திருக்கழுக்குன்றத்தில் இட்லியும் மோரும் சாப்பிட்டோம். உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து உணவு பெற்றுச் சென்ற மலை இது. மஞ்சள்முகப் பாறு என்னும் அந்தப் பறவைகள் 1990-களுக்குப் பின் வருவதில்லை. மலையிலுள்ள ஒருகல் மண்டபத்தில் 17-ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்கள் தங்கள் பெயர்களைச் செதுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். சுற்றுலா வந்த இடத்தில் சுவரில் கிறுக்கும் வழக்கம் அவ்வளவு பழையது போலும்! 500-க்கும் மேற்பட்ட படிகள் ஏற ஆசைதான். கால்களை மிச்சப்படுத்த வேண்டியிருந்ததால் ஏறவில்லை.

அதன் பிறகுதான் கடற்காற்று எதிரே வந்தது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும் என்று அறிவியல் சொல்கிறது. மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவள்மேல் 10 கிலோமீட்டர் எதிர்காற்று வீசினால், அவளுக்கு அது 22 கிலோமீட்டர் வேகக் காற்று. எங்களில் ஒருத்தி அண்ணனுடைய பழைய வண்டியில் வந்திருந்தாள். அவள் மிகவும் சோர்ந்து, பஸ் ஏறிவிடுவதாகச் சொன்னாள். இங்கேதான் கூட்டம் கைகொடுத்தது. முன்னால் செல்பவள் காற்றைப் பிளப்பதால் பின்னால் வருபவளுக்கு உழைப்பு குறைகிறது. வலுவுள்ளவர்கள் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாறி மாறி முன்னே செல்ல, அவளை நடுவில் வைத்துக்கொண்டோம். அவள் மிதிக்கும் வேகமே எல்லாருடைய வேகமும் ஆயிற்று.

சாலையின் இடப்பக்கம் ஒற்றை வரிசை. நடுவே ஒரு சைக்கிள் நீள இடைவெளி. இறக்கத்தில் அதைவிட அதிகம். முன்னால் இருப்பவள் "குழி!" என்றால் அந்தச் சொல் கடைசி வரை போக வேண்டும். பம்பு வைத்திருப்பவள் எப்போதும் கடைசியில். தாகம் எடுக்குமுன் தண்ணீர்.

நெடுந்தூரச் சைக்கிள் பயணத்தில் உலகப் புகழ் பெற்றது 1891-இல் தொடங்கிய பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ். இன்று அது 1,200 கிலோமீட்டர். 90 மணி நேரத்தில் முடித்தால் போதும். முதலிடம், இரண்டாமிடம் என்று பரிசு கிடையாது. நமக்கு அருகில், புதுக்கோட்டையில் 1991-இல் அறிவொளி இயக்கம் கிராமப் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்பித்தது. ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றார்கள். பெண்கள் சைக்கிள் போதாமல் ஆண்கள் சைக்கிளையே பலர் ஓட்டினார்கள். முன்கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு. கேலிக்குக் குறைவில்லை, ஆனாலும் அவர்கள் ஓட்டுவதை நிறுத்தவில்லை.

பூஞ்சேரியைத் தாண்டி மாமல்லபுரம் சேர்ந்தபோது மணி பன்னிரண்டு. சிற்பங்களைப் பற்றி இம்மலரில் பலமுறை எழுதியாயிற்று; நாங்கள் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் நிழல்தான். மூன்று மணிக்குத் திரும்பினோம். காலையில் தடுத்த காற்று இப்போது முதுகைத் தள்ளியது. பழைய வண்டிக்காரி கடைசி ஐந்து கிலோமீட்டர் தானே முன்னால் சென்றாள். ஆறு மணிக்குச் செங்கல்பட்டில் சிஸ்டர் எண்ணிப் பார்த்தார்கள்: பதினான்கு.